உள்ளே ஒன்றுமில்லாத பெயர்கள்

பகல் ரெண்டு மணிக்கு ஒரு ரோடு இப்படியா வெறிச்சோடிக் கெடக்கும்... இவரு ஏன் இவ்வளவு மெதுவா ஓட்டுறாரு... அந்த வளைவு இன்னும் வரலையோ...

அண்ணி இதில் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மடியில் பாப்பா. வேன் ஜன்னல் வழியாக அனல். இரண்டு பக்கமும் புதர், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. எதிரே ஒரு வண்டி வரவில்லை. பின்னாலும் வரவில்லை. தார் உருகுகிற வாசனை... அது சக்கரத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம், சர்... சர்... என்று.

வளைவு வந்தது. அண்ணன் ஹாரன் அடிக்கவில்லை. பிரேக்கில் காலை வைத்தார், அவ்வளவுதான். அந்த இடத்தைத் தாண்டும்வரை அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது அண்ணிக்குத் தெரியும். அவளும் அடக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அண்ணி என்றால் என் அண்ணி இல்லை. என் தோழியின் அண்ணி, அவள் அண்ணனுக்கு இரண்டாம் தாரம். அண்ணி தோழியிடம் சொன்னது, தோழி என்னிடம் சொன்னது. நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இதை நான் சொன்னது ஆபீஸில். மழையில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் இருமி இருமி அடங்கிப்போன ஒரு ராத்திரி. கேப் வர நேரமாகும் என்றார்கள். ஓய்வறையில் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு, நடுவில் செல்போன் டார்ச்சை மேல்நோக்கி வைத்து, சுற்றி உட்கார்ந்திருந்தோம். டெஸ்டிங் பிரிவு வாயாடி ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத புதுப்பெண். வாசலில் தனியாக இருக்க ஒரு மாதிரியாக இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்ட செக்யூரிட்டி அம்மா.

"பகல் ரெண்டு மணியா?" என்றாள் வாயாடி. "பேய்க்கும் டே ஷிஃப்ட் குடுத்துட்டாங்களா?"

"நீ சும்மா இரும்மா," என்றார் செக்யூரிட்டி அம்மா. "நீங்க சொல்லுங்க."

அண்ணனுக்கு ஊருக்கு வெளியே ஒரு ஹேச்சரி இருந்தது. முட்டைகளை ஆள் உயரப் பெட்டிகளில் அடுக்கி, கோழியின் வயிற்றுச் சூட்டிலேயே வைத்துக் குஞ்சு பொரிக்கிற இடம். சூடு ஒரு துளி கூடவும் கூடாது, ஒரு துளி குறையவும் கூடாது. காற்றில் ஈரம் இருக்க வேண்டும். தட்டுகள் மணிக்கொரு தடவை ஒருபக்கம் சாய்ந்து, அடுத்த மணிக்கு மறுபக்கம் சாய வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். இத்தனையையும் ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் புரோகிராமை எழுதியவள் அண்ணனின் முதல் மனைவி.

அண்ணி அவளைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் மனதுக்குள் அக்கா என்றுதான் சொல்வாள். வேறு எப்படிச் சொல்வது... அவள் எழுதி ஒட்டிய டப்பாவிலிருந்து உப்பு எடுத்து, அவள் தேர்ந்தெடுத்த திரைச்சீலையை விலக்கி, அவள் படுத்த பக்கத்தில் படுத்து. ஒரு வீட்டில் ஒருத்தி முன்னாலேயே வாழ்ந்துவிட்டுப் போயிருந்தால், பின்னால் வருகிறவள் எதைத் தொட்டாலும் அது இன்னொருத்தி வைத்த இடத்தில் இருக்கும்.

அக்கா விபத்தில் போனது அந்த வளைவில். ஹேச்சரியிலிருந்து ஸ்கூட்டரில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது, இதே பகல் இரண்டு மணிக்கு. ஸ்கூட்டர் கிடைத்தது. ஒரு செருப்பு புதருக்குள் கிடைத்தது. லேப்டாப் இருந்த பை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

பாப்பா அப்போது கைக்குழந்தை. இப்போது ஐந்து வயது. அண்ணி கையால் சாப்பிடும், அண்ணியிடம் தலை பின்னிக்கொள்ளும், அம்மா என்றுகூடக் கூப்பிடும். தூங்குவதற்கு மட்டும் அத்தை வேண்டும், அதாவது என் தோழி. அண்ணி பக்கத்தில் படுத்தால் தலையணையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடும். அண்ணி இதை யாரிடமும் சொல்லிக் குறைப்படவில்லை. போன மாதம் ஒரு மத்தியானம், ஒரு காரணமும் இல்லாமல், பாப்பா தானாக வந்து படுத்து, ஒரு காலைத் தூக்கி அண்ணியின் வயிற்றின்மேல் போட்டுக்கொண்டு தூங்கிப்போனது. அண்ணி அசையவில்லை. கை மரத்துப்போனது, அப்போதும் அசையவில்லை. அந்த வீட்டில் யாரும் முன்னால் வைத்துவிட்டுப் போகாத ஒன்று அவள் கைக்கு வந்தது அன்றைக்குத்தான். அதன்பிறகு அவளுக்கு ஒரே கவலை. "இதுவும் என்கிட்டேருந்து போயிடுமோன்னு பயமா இருக்கு," என்று தோழியிடம் சொல்லியிருக்கிறாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஹேச்சரிக் கம்ப்யூட்டர் ஒரு சாயங்காலம் புகை நாற்றத்தோடு நின்றுபோனது. உடனே புதிது வாங்கிவந்து, எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து அக்காவின் புரோகிராமை அதில் போட்டார்கள். அது எழுந்திருக்க மறுத்தது. அண்ணிக்கும் அதே தொழில். "நீ வந்து ஒரு தடவ பாரேன்," என்றார் அண்ணன். அக்கா தொட்ட ஒன்றைத் தொடச் சொல்லி அவராகக் கேட்டது அதுவே முதல் தடவை. தோழி அன்றைக்கு வெளியூர். அதனால் பாப்பாவையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஹேச்சரிக்குள் நுழைந்ததும் ஈரச் சூடு முகத்தில் அறைந்தது. நனைந்த இறகு, சுண்ணாம்பு, கிருமிநாசினி, எல்லாம் கலந்த ஒரு வாடை. சூப்பர்வைசர் முந்தின நாளிலிருந்து கண் மூடவில்லை. தட்டுகளைக் கைப்பிடியால் திருப்புவதும், தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து ஹீட்டர் சுவிட்சைப் போட்டு அணைப்பதுமாக இருந்தார்.

"அடைகாக்குற கோழிகூட எழுந்து நாலு நடை நடந்துட்டு வரும் மேடம்," என்றார். "எங்களுக்கு அதுவும் இல்ல. சீக்கிரம் எதாச்சும் பண்ணுங்க. கை விட்டுப்போச்சு."

பக்கத்து அறையில் இன்றோ நாளையோ பொரிய வேண்டிய முட்டைகள் இருந்தன. ஓடு உடையவில்லை. ஆனால் உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. கீச்... கீச்... என்று, மூடிய ஓடுகளுக்குள் இருந்து, ஆயிரக்கணக்கில். ஒரே ஒரு வாய்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

கம்ப்யூட்டர் இருந்தது ஒரு சின்ன அறையில். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முட்டைப் பெட்டிகள் நிற்கிற இன்குபேட்டர் கூடம் முழுதும் தெரியும். சுவரோரமாக ஒரு பெஞ்சு. அண்ணி பாப்பாவை அதில் படுக்கவைத்தாள். புழுக்கம் தாங்காமல் அது சிணுங்கிக்கொண்டே இருந்தது. கதவில் ஒரு பழைய ஸ்பிரிங். யார் வந்து போனாலும் அது டமார் என்று அறையும், பாப்பாவுக்குத் திடுக்கென்று உடம்பு தூக்கிப் போடும்.

திரையில் ஒரே ஒரு வரி நின்றது. இன்ன பெயருள்ள லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு ஃபைல் இல்லை.

"லைப்ரரின்னா புஸ்தகம் வைக்கிற எடம்தானே?" என்றார் செக்யூரிட்டி அம்மா.

"இது வேறம்மா. ஒரு புரோகிராம் எல்லா வேலையையும் தானே செய்யாது. பாதி வேலைய வேற ஃபைல்ல எழுதி வச்சிருப்பாங்க, அதுக்குப் பேரு லைப்ரரி. புரோகிராம் எழுந்திரிக்கும்போதே, எனக்கு இன்னார் இன்னார் வேணும்னு பேர் சொல்லிக் கூப்பிடும். அதுல ஒருத்தர் வரலன்னாலும் அப்படியே படுத்துக்கும்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி," என்றார் அவர். "காப்பி வரலன்னா எழுந்திரிக்க மாட்டாரு."

எல்லோரும் சிரித்தோம். புதுப்பெண் சிரித்துக்கொண்டே இரண்டு கால்களையும் நாற்காலிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அண்ணி முதலில் பார்த்தது, புரோகிராம் அந்த லைப்ரரியை எங்கே போய்த் தேடுகிறது என்பதை. தேட வேண்டிய முகவரி அதன் வயிற்றுக்குள்ளேயே பொறித்திருந்தது. அக்காவின் சொந்த லேப்டாப்பில், அக்கா பெயரில் இருந்த ஒரு ஃபோல்டர். எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்புதான் அது. அவசரத்தில் சொந்த லேப்டாப்பிலேயே கம்பைல் பண்ணுவோம், அதாவது எழுதியதை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றுவோம், நம் ஃபோல்டரின் முகவரி உள்ளே ஒட்டிக்கொண்டு போய்விடும். நம்மிடம் ஒழுங்காக ஓடும். அடுத்தவர் கம்ப்யூட்டரில் போட்டால், நாம் இல்லாத இடத்தில் நம்மைத் தேடிக்கொண்டு நிற்கும். பழைய கம்ப்யூட்டரில் அக்கா அதே பெயரில் ஒரு ஃபோல்டர் செய்து சமாளித்திருக்க வேண்டும். அந்த ஃபோல்டர் அந்தக் கம்ப்யூட்டரோடு எரிந்துபோனது. நகல் எடுத்தவர்கள் புரோகிராமை எடுத்தார்கள், லைப்ரரியை எடுக்கவில்லை.

நகலில் அரைகுறையாக ஒரு பழைய லைப்ரரி மட்டும் கிடந்தது. அக்கா முதன்முதலில் எழுதிப் பார்த்துவிட்டு விட்டது. அண்ணி அதை எடுத்து, புரோகிராம் கேட்ட பெயரை அதற்குச் சூட்டி, தேடினால் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள்.

"வராத ஆளுக்கு வேற ஆளு ஆஜர் சொல்ற மாதிரி," என்றார் செக்யூரிட்டி அம்மா.

"அதேதான். பேர் சரியா இருந்தா உள்ள விட்டுடும். ஆனா உள்ள போனப்புறம் வேல கேக்கும்ல..."

கேட்டது. புரோகிராம் எழுந்தது, திரை ஒரு கணம் நிறைந்தது, உடனே நின்றது. அதற்கு 'திருப்பு' வேண்டும். இந்த லைப்ரரியில் திருப்பு இல்லை.

அக்காவின் வழக்கம் அது. ஒவ்வொரு வேலைக்கும் எல்லோரும் இங்கிலீஷில் பெயர் வைப்பார்கள். அவள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழில் வைப்பாள். அண்ணி கம்ப்யூட்டரிலேயே ஒரு சோதனைக் கருவியை ஓட்டி, புரோகிராம் வெளியிலிருந்து என்னென்ன வேலைகளைக் கேட்கும் என்று பார்த்தாள். திருப்பு, சூடேற்று, ஈரம்பார், காற்றுவிடு. நாலே நாலு. வேறு எதுவும் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டாள். வீட்டு ஆளை அதட்டுவது போல இருக்கிறதே என்று நினைத்தாள். சமையலறையில் நின்றுகொண்டு ஒருத்தி சொல்கிற குரல்... கேட்டிராத குரலை எப்படி அடையாளம் தெரிகிறது என்று அவளுக்கே புரியவில்லை.

இப்படிப்பட்ட சமயத்தில் நாங்கள் செய்வது ஒன்றுதான். அந்தப் பெயரில் ஒரு காலி வேலையை எழுதிக் கொடுப்போம். ஒரு அடைப்புக்குறி திறக்கும், ஒரு அடைப்புக்குறி மூடும், நடுவில் ஒன்றும் இருக்காது. புரோகிராம் ஏமாந்து எழுந்துவிடும். எழுந்த பிறகு உள்ளே ஒவ்வொன்றாக நிரப்பிக்கொள்ளலாம்.

அண்ணி 'திருப்பு' என்று ஒரு காலிப் பெயரை எழுதி, கம்பைல் பண்ணி, ஓடவிட்டாள்.

கட... கட... கட... கட... டக்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தட்டுகள் எல்லாம் ஒன்றாக ஒருக்களித்தன.

"மேடம், சொல்லிட்டுப் பண்ணக் கூடாதா?" சூப்பர்வைசர் கையை உதறினார். "விரல் போயிருக்கும்."

அண்ணி தான் எழுதியதைத் திறந்து பார்த்தாள். அடைப்புக்குறி. அடைப்புக்குறி. நடுவில் வெறும் இடம்.

மோட்டாருக்கு எந்த உத்தரவும் போகவில்லை. போவதற்கு வழியே இல்லை. பழைய லைப்ரரியில் எதாவது மிச்சம் இருந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே அதையும் திறந்து பார்த்தாள். இல்லை.

அடுத்து 'சூடேற்று' கேட்டது. காலியாகத்தான் கொடுத்தாள். ஹீட்டர்கள் டிக் டிக் என்று வரிசையாகப் பிடித்துக்கொண்டன. ஈரம்பார் கொடுத்தாள், நீர்த்துளி விசிறுகிற சத்தம் புஸ் என்று வந்தது. காற்றுவிடு கொடுத்தாள், மின்விசிறிகள் சுழன்றன. சூப்பர்வைசர் தரையிலேயே உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

அண்ணன் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்து நின்றார். தட்டுகள் மறுபடி நகர்ந்தபோது சொன்னார்.

"அவ வச்ச வேகம். இப்படித்தான்... அசங்காம திரும்பும்."

இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து 'அவ' என்ற சொல் வந்ததில்லை. அண்ணிக்குப் பொறாமை என்று சொல்ல முடியாது. வந்திருப்பவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், தன்னை மட்டும் யாரும் அறிமுகப்படுத்தவில்லை... அந்த மாதிரி ஒன்று.

கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. தட்டுகள் பாதிச் சாய்வில் நின்றன. திரையில் அதே மாதிரி ஒரு வரி.

அதற்கு 'கதவுசாத்து' வேண்டும்.

அண்ணி மறுபடி கருவியை ஓட்டினாள். திருப்பு, சூடேற்று, ஈரம்பார், காற்றுவிடு. அவ்வளவுதான். புரோகிராமின் வயிற்றை எழுத்து எழுத்தாகத் தேடினாள். கதவு என்ற சொல்லே அதற்குள் இல்லை.

"இல்லாத பேர எப்படிக் கேக்கும்?" என்றாள் புதுப்பெண்.

"எனக்குத் தெரியல," என்றேன். "அண்ணிக்கும் தெரியல."

"சூடு எறங்குது மேடம்," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. அண்ணன் கூடத்துக் கதவை ஒரு கையால் திறந்து பிடித்தபடி அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். பக்கத்து அறையில் கீச்சொலி ஒரு சுருதி ஏறியது. அண்ணி எழுதினாள். கதவுசாத்து. அடைப்புக்குறி, அடைப்புக்குறி.

தட்டுகள் நகர்ந்தன. அவளுக்குப் பின்னால், அண்ணன் பிடியிலிருந்து நழுவி, அந்த அறையின் கதவு மூடிக்கொண்டது.

அறையவில்லை. ஸ்பிரிங் கதவு அது, அறைந்துதான் ஆக வேண்டும். இது மெதுவாக வந்தது... நிலையைத் தொடும் இடத்தில் ஒரு கணம் நின்றது... உள்ளே குழந்தை படுத்திருப்பது தெரிந்த ஒருத்தி கைப்பிடியைத் திருகிப் பிடித்துக்கொண்டு, கொக்கி உட்காரும்வரை விடாமல் இருப்பாளே, அப்படி மூடிக்கொண்டது.

பாப்பா திடுக்கிடவில்லை.

அடுத்தது 'விளக்கணை'. அண்ணியின் விரல் தயங்கியது. கூடத்தில் ஹீட்டர்கள் அணைகிற டிக் டிக் கேட்டது. கொடுத்தாள். அறையில் இருந்த இரண்டு குழல்விளக்கில், பெஞ்சுக்கு மேலே இருந்தது மட்டும் அணைந்தது. மற்றது எரிந்தது. தூசி படிந்த குழல் சூடு ஆறுகிற வாசனை வந்தது. சிணுங்கல் நின்றுவிட்டது. பாப்பா மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

மின்னழுத்தம், என்று நினைத்தாள் அண்ணி. பழைய கட்டடம். ஸ்பிரிங் தேய்ந்திருக்கும். அவள் பயந்தவள் இல்லை. பயப்பட நேரம் இல்லாத வேலை அது. எதுவாக இருந்தாலும் முதலில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் எந்த லைப்ரரியை எந்த முகவரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறது என்று சொல்லும் ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தாள். அவள் வைத்த இடம் வர வேண்டும்.

அவள் வைத்த இடம் வரவில்லை. அக்காவின் லேப்டாப் ஃபோல்டர் வந்தது. அக்காவின் பெயரோடு.

அந்தக் கம்ப்யூட்டர் காலையில்தான் பெட்டியைப் பிரித்து வைத்தது. அண்ணி அதற்குள் அந்த ஃபோல்டரைத் தேடினாள். அப்படி ஒன்று இல்லை என்றது. மறுபடி கேட்டாள், லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று. அங்கிருந்துதான் என்றது. புதருக்குள் எங்கேயோ, இத்தனை மழையிலும் வெயிலிலும் மக்கி மண்ணாகியிருக்க வேண்டிய ஒன்றின் முகவரி... திரையில், சாதாரணமாக, மற்ற எல்லா முகவரிகளையும் போல.

நான் கொஞ்சம் நிறுத்தினேன். வாயாடி எதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் டார்ச் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை ஜன்னலில் சாய்ந்து அடித்தது. செக்யூரிட்டி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டர அணைச்சிருக்கலாம்ல..." என்றார்.

"அணைச்சா மறுபடி கையால பாக்கணும்மா, சூப்பர்வைசருக்குத் தெம்பு இல்ல, முட்டை போயிடும். அதான் அவங்களால முடியல."

அண்ணி அண்ணனிடம் திரையைக் காட்டினாள். அவருக்கு அந்தத் தொழில் தெரியாது. ஆனால் பெயரைப் படிக்கத் தெரியும். படித்தார். பயம் இல்லை அந்த முகத்தில். நெடுநாள் கழித்து ஒரு வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே ஆள் இருக்கிறது என்று சத்தத்தில் தெரிந்துகொண்டவரின் முகம். அதைப் பார்த்தபோதுதான் அண்ணிக்கு முதன்முதலாக உள்ளங்கால் சில்லிட்டது.

தட்டுகள் நின்றன.

'தலைகோது.'

"குடு," என்றார் அண்ணன்.

"இது ஹேச்சரிக்கு எழுதினது இல்லங்க."

"தெரியும். குடு."

கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்... தாமதித்துக்கொண்டே போனால் இத்தனை உயிரும் ஓட்டுக்குள்ளேயே அடங்கிவிடும், அது அவள் கையால் என்று ஆகிவிடும். கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அறையில் காற்று இல்லை. ஜன்னல் மூடியிருந்தது. பாப்பாவின் நெற்றியில் வியர்வையோடு ஒட்டியிருந்த முடி மெல்லப் பிரிந்து, பின்னால் போய், காதின் பின்பக்கம் ஒதுங்கியது. மறுபடி விழவில்லை. அங்கேயே இருந்தது.

பாப்பா சிரித்தது. யாரையும் பார்த்து இல்லை, கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் எதையோ பார்த்து. பிறகு நகர்ந்து, நகர்ந்து, முதுகு சுவரில் ஒட்டும்வரை உள்ளே போய் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. பெஞ்சின் இந்த ஓரத்தில் இடம் விட்டிருந்தது. ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு.

திரையில் வரி மாறியது. தட்டுகள் நின்றன. ஹீட்டர்கள் அணைந்தன. மின்விசிறிகளும் நின்றன, அதனால் பக்கத்து அறைச் சத்தம் முழுதாகக் கேட்டது. கீச்... கீச்... கீச்... என்று மூச்சுவிடாமல்.

அதற்கு வேண்டியது 'தூங்கவை'.

சூப்பர்வைசர் கண்ணாடியை விரலால் தட்டினார். தெர்மாமீட்டரைத் தூக்கிக் காட்டினார். கைப்பிடியைப் பிடித்து இழுத்தார், அது இறுகிப்போய் நகரவில்லை. சுவிட்சைப் போட்டார், ஹீட்டர் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அண்ணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத வேண்டியது ஒரு பெயர். நாலு வினாடி வேலை.

"ஒரு பேருதானே..." என்றார் அண்ணன். "உள்ள நீ ஒண்ணும் எழுத வேணாமே. குடுத்துடு. ஒரே ஒரு தடவ."

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. அண்ணி அதை மறுக்கவில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போக நேர்ந்தவள். பால் மறக்காத குழந்தை. அவளுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு... முட்டைகளுக்காகக் கேட்கிறாரா, அவளுக்காகக் கேட்கிறாரா, தனக்காகவா என்று அண்ணி அவரிடம் கேட்கவும் இல்லை. மூன்றும் ஒன்றுதான் என்று சொல்லியிருப்பார்.

ஆனால் அவள் யோசித்தது வேறு. அந்த வீட்டுக்கு அவள் வந்ததும் இப்படித்தான். அம்மா என்று ஒரு பெயரைக் கொடுத்து உள்ளே விட்டார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் வந்தாள், கேட்டதைச் செய்தாள், குழந்தை ஏமாறவில்லை. பெயருக்குள்ளே எதையாவது நிரப்ப அவள் எவ்வளவோ பார்த்தாள், ஒன்றும் தங்கவில்லை. ஒரு மத்தியானம் ஒரு சின்னக் கால் வந்து வயிற்றின்மேல் விழுந்தது. அந்தக் கனம். அது ஒன்றுதான் உள்ளே இருக்கிறது. அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டால் அவள் மறுபடி அடைப்புக்குறியும் அடைப்புக்குறியும்தான்.

பக்கத்து அறையில் சத்தம் குறைய ஆரம்பித்தது. ஒரு மூலையிலிருந்து, பிறகு இன்னொரு மூலையிலிருந்து. பாப்பா கண் கொட்டாமல் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து போய், பெஞ்சின் ஓரத்தில், விட்டிருந்த அந்த இடத்தில் உட்காரவில்லை. உட்காரத் தைரியம் வரவில்லை. அதற்கு முன்னால் தரையில் முட்டி போட்டாள். பிசுபிசுப்பான சிமெண்டுத் தரை. காலி இடத்திலிருந்து அவள் முகத்தில் மூச்சு மாதிரி ஒரு சூடு பட்டது, சோப்பு வாசனையோடு. வீட்டு அலமாரியில், அக்காவின் துணிகளில் இன்னும் ஒட்டியிருக்கிற சோப்பு.

"எல்லாம் குடுத்தேன்க்கா," என்றாள், பக்கத்தில் நின்ற அண்ணனுக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில். "இது மட்டும் என்னால முடியாது."